நாடி குறைந்தால் தாதி மருந்தை நிறுத்தலாமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அவருடைய தாயார் மட்டக்களப்பில் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் (வார்ட்டில்) இருக்கிறார். இதய வருத்தம், சீனி வருத்தம், பிறஷர் மூன்றுக்கும் மருந்து எடுப்பவர். வைத்தியர் எழுதியிருந்த டிகொக்சின் குளிசையை ஒரு நாள் காலையில் தாதி கொடுக்கவில்லையாம். நாடி குறைவாக இருக்கிறது என்றாராம். வைத்தியர் எழுதியதை நிறுத்தத் தாதிக்கு என்ன அதிகாரம் என்பது முதல் கேள்வி. ஒவ்வொரு வேளையும் பெயரைக் கேட்டுக் கேட்டு வயதானவரை ஏன் சலிப்படைய வைக்கிறார்கள் என்பது இரண்டாவது. வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பக்கவிளைவுக்குப் பயப்பட வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய மருந்துப் பையை என்ன செய்வது என்பவை மற்ற இரண்டும்.

நான் இந்த மாவட்டத்து மருத்துவ விடுதிகளில் நெடுங்காலம் வேலை செய்துவரும் தாதி. முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: நிறுத்தலாம், நிறுத்தியே ஆக வேண்டும். நாடியைப் பாராமல் கொடுத்திருந்தால்தான் தம்பி, நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டும்.

டிகொக்சின் இதயத்தின் வேகத்தைக் குறைத்து, அது சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்து. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே அதிக இடமில்லை. ஆகவே ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். மணிக்கட்டில் மட்டும் பார்ப்பதும் போதாது, பலவீனமான துடிப்புகள் கை வரை வந்து சேராது. வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போனால் குளிசையை வைத்துக்கொண்டு வைத்தியருக்கு அறிவிப்பது வழமை. சில நோயாளிகளுக்கு வைத்தியரே வேறொரு எல்லையை எழுதி வைத்திருப்பார்.

வயதானவர்களுக்கு இந்த எச்சரிக்கை ஏன் கூடுதலாகத் தேவை என்றால், சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் டிகொக்சின் வெளியேறாமல் தேங்கும். நீரை வெளியேற்றக் கொடுக்கும் பியூறோசமைட் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைந்தால், நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு டிகொக்சின் இன்று அதிகமாகிவிடும். இதய வருத்தக்காரர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளும் சேர்த்தே எழுதப்படுவதுண்டு. பசியின்மை, குமட்டல், வாந்தி, காண்பதெல்லாம் மஞ்சள் பூத்தாற்போல் தெரிவது ஆகியவை முன்கூட்டியே வரும் அறிகுறிகள். கிழவி இரண்டு நாளாகச் சோறு வேண்டாம் என்கிறாள், ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லைப் போலும் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தாதி நாடியை எண்ணிப் பார்க்கிறார்.

மருந்தை நிறுத்தியதோடு அவருடைய வேலை முடிவதில்லை. மருந்து அட்டையில் அந்த வேளைக்குரிய கட்டத்தில், கொடுக்கவில்லை என்பதையும் காரணத்தையும் நாடி எண்ணிக்கையையும் எழுத வேண்டும். வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தையும் குறிக்க வேண்டும். வெறுமனே விடப்பட்ட கட்டம் பெரிய வில்லங்கம். மருந்தைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்திட மறந்தாரா, கொடுக்கவே இல்லையா என்று அடுத்த முறைக்கு வரும் தாதிக்குத் தெரியாது. கொடுக்கவில்லை என்று எண்ணி அவர் இன்னொரு தடவை கொடுத்தால் ஒரு நாளில் இரண்டு வேளை அளவு உள்ளே போய்விடும். அதேபோல, கொடுப்பதற்கு முன்பே கையெழுத்திட்டு வைப்பதும் கூடாது. நோயாளி விழுங்கியதைக் கண்ட பிறகுதான் பேனா.

விழுங்கியதைக் காண்பது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. படுக்கைவிரிப்பு மாற்றும் காலை வேளைகளில் தலையணைக்குக் கீழே என்னென்ன கிடைக்கும் என்பது விடுதியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஓரம் கரைந்து துணியில் ஒட்டிய வெள்ளைக் குளிசைகள், பாதி உடைத்த மஞ்சள் குளிசை, சில சமயம் சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்த நான்கைந்து. 'பிறகு போடுகிறேன் பிள்ளை, லொக்கருக்கு மேலே வைத்துவிட்டுப் போ' என்று அன்பாகத்தான் சொல்வார்கள். வைத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும்? பிறஷர் இறங்காது. மருந்து போதவில்லை என்று வைத்தியர் அளவைக் கூட்டுவார். வீட்டுக்குப் போனதும் மருமகள் கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொடுப்பார். கூட்டிய அளவு முழுவதும் முதல் தடவையாக உள்ளே போகும். அம்மா கிணற்றடியில் தலைசுற்றி விழுவார். ஆகவே தாதி கட்டிலருகே நின்று தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனிப் பெயர் கேட்கும் விடயம்.

தாதியர் பயிற்சியில் முதல் கற்பிக்கப்படுவது ஐந்து சரிபார்ப்புகள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பரீட்சைக்கு மனனம் செய்வது எளிது. விடுதியில் அதிகம் வழுக்குவது முதலாவதுதான். எங்கள் பகுதி விடுதிகளில் ஒரே சமயத்தில் இரண்டு கந்தசாமி, மூன்று பாத்தும்மா இருப்பது புதுமையல்ல. முகம்மது என்று தொடங்கும் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்டில் இலக்கத்தை நம்பலாமே என்பீர்கள். மின்விசிறிக்கு நேரே இருக்கும் கட்டில் காலியானதும் நோயாளிகள் தாங்களாகவே இடம் மாறிக்கொள்வார்கள். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவருக்குக் கட்டில் கிடைத்திருக்கும். டெங்குக் காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரை, ஒரு நாளிலேயே பாதி விடுதி மாறிவிடும். எனவே பெயரையும் அனுமதி இலக்கத்தையும் சேர்த்து, இரண்டு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். கட்டில் இலக்கம் அதில் சேர்த்தியில்லை.

கேட்கும் விதமும் முக்கியம். 'நீங்கள்தானே கந்தசாமி?' என்று கேட்கக் கூடாது. காது மந்தமான முதியவர் எதற்கும் 'ஓம்' என்பார். காய்ச்சலில் மயங்கிக் கிடப்பவரும் 'ஓம்' என்பார். மரியாதைக்காக 'ஓம்' சொல்பவர்களும் உண்டு. 'ஐயா, உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டு, அவர் வாயால் வருவதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேற்றுக் கேட்டோமே, காலையில் கேட்டோமே என்று விட்டுவிட முடியாது. நாள்தோறும் தெரிந்த முகம் என்று கேட்காமல் விடும் வேளையில்தான் தவறு நுழைகிறது. அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: பெயரைக் கேட்கும் பிள்ளை தன்னை மறந்துவிடவில்லை, தன் வேலையைச் செய்கிறாள்.

மருந்தைத் தட்டில் எடுக்கும்போது ஒரு தடவை, அளந்து எடுக்கும்போது ஒரு தடவை, கட்டிலருகே கொடுக்கும் முன் ஒரு தடவை என மூன்று முறை லேபிளை அட்டையோடு வாசிக்க வேண்டும். இது வீண் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்களைக் காட்டுவேன்: கார்பிமசோல், கார்பமசெபின். முன்னது தைரொயிட் மிகைக்கு, பின்னது வலிப்புக்கு. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்களிலும் இதே ஆபத்து. 0.5 என்று எழுத வேண்டியதை வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும்; 5 என்று எழுத வேண்டியதை 5.0 என்று எழுதினால் 50 ஆகும். இரண்டிலும் பத்து மடங்கு. வாசிக்க முடியாவிட்டால் ஊகிக்கக் கூடாது, எழுதியவரிடம் கேட்க வேண்டும். இளம் தாதிகள் தயங்கும் இடம் இது. வைத்தியர் ஏசுவாரோ என்று பயப்படுவார்கள். ஏசினால் ஏசட்டும், கேட்டே ஆக வேண்டும். அவசர வேளையில் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ மருந்து சொல்லப்பட்டால், மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, பிறகு அவரைக் கொண்டே எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோளும் இந்த இடத்தில் வைக்கிறேன். நண்பகல் பார்வையாளர் நேரத்தில் விடுதிக்குள் வருபவர்கள், மருந்துத் தட்டோடு நிற்கும் தாதியைத்தான் முதலில் பிடிப்பார்கள். 'மிஸ், அம்மாவுக்கு எப்போது டிக்கெட் வெட்டுவார்கள்?' வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்ற அந்தக் கேள்வி நியாயமானது, நேரந்தான் பிழை. எண்ணிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வரும் பேச்சு மருந்துத் தவறுகளுக்கு நன்கு அறியப்பட்ட காரணம். சில நாடுகளில் மருந்து கொடுக்கும் தாதி, 'இப்போது பேச வேண்டாம்' என்று எழுதிய மேலங்கியே அணிவார். எங்களூரில் அது எடுபடுமா தெரியாது. மேலங்கியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கே நாலு பேர் வருவார்கள்.

ஊசிகளில் நான் அதிகம் கவலைப்படுவது இன்சுலினுக்கு. ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு. அதாவது 10 அலகு என்பது வெறும் 0.1 மில்லிலீற்றர். சாதாரண சிரிஞ்சில் அதை அளக்க முயல்வது வினை. இன்சுலின் சிரிஞ்சால் மட்டுமே எடுக்க வேண்டும், எடுத்ததை இன்னொரு தாதி பார்க்க வேண்டும். 'அலகு' என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும். ஆங்கில எழுத்து யூ-வை மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினால் அது பூச்சியமாகத் தோன்றி 4 அலகு 40 ஆகும். போடுவதற்கு முன்னர் இரத்தச் சீனி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதோடு, சாப்பாடு கைக்கு வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டுப் பிட்டுக்காகக் காத்திருக்கும் நோயாளிகள் எங்கள் விடுதிகளில் நிறைய. மகன் பஸ்ஸில் வருகிறான், பத்து நிமிடத்தில் வந்துவிடுவான் என்பார்கள். சாதாரண விரைவு இன்சுலின் போட்டால் அரைமணி நேரத்துக்குள் உணவு உள்ளே போக வேண்டும்; பஸ் அந்தக் கணக்குப்படி வராது. பார்சல் கட்டிலுக்கு வந்த பிறகே ஊசியை எடுக்கும் தாதி விபரமானவர்.

சீனி இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், நெஞ்சு படபடக்கும்; பிறகு பேச்சுக் குழறும், ஆளை ஆள் தெரியாமல் போகும். இரத்தச் சீனி 70-க்குக் (mg/dl) கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிறஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அற்றெனோலோல், பைசோப்புரோலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலேயே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். உங்கள் தாயாரின் கொப்பியில் இவற்றில் ஒன்று இருந்தால், நள்ளிரவில் அவருடைய சட்டை நனைந்திருப்பதைப் புழுக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். 1990-ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு எடுப்பதில்லை.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வாசகர்களுக்காக நோன்புக் காலத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் ரமழானுக்குச் சில கிழமைகளுக்கு முன்பே கிளினிக்கில் பேசிவிட வேண்டும். எந்த ஊசியை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது, விடிவதற்கு முன் உண்ணும் சஹர் வேளைக்குரியதை எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைப் பார்த்துச் செய்யும் காரியம் அல்ல. விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. இதை விடுதியில் உள்ள உம்மாமாருக்குச் சொல்லிப் புரியவைப்பது சில நாட்களில் ஊசி போடுவதைவிடக் கடினமான வேலை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் திறந்த இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள், வெயில் படாத மூலையில் வைக்கலாம். கடற்கரைப் பக்கத்துச் சிலர் மீன் ஐஸ் பெட்டிக்குள் வைப்பதைக் கண்டிருக்கிறேன். ஐஸ் பட்டு உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது, வீசிவிட வேண்டியதுதான்.

செறிவான பொட்டாசியம் குளோரைட்டைப் பற்றி ஒரே வரி: அதை நேரடியாக நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், சேலைனில் கலந்து மெதுவாக மட்டுமே போக வேண்டும். அதனால்தான் அந்தக் குப்பிகளை மற்ற மருந்துகளோடு ஒரே தட்டில் வைக்க விடுவதில்லை.

ஒவ்வாமைக்கு வருவோம். பென்சிலின் ஊசி போட்டபோது வாந்தி வந்தது என்பதும், உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது என்பதும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் வயிற்றுத் தொந்தரவு. இரண்டாவது அடுத்த முறை உயிரை எடுக்கக் கூடியது. எனவே தாதி 'ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதா?' என்று கேட்டால், எந்த மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். கோஅமொக்சிகிளேவ் என்ற பெயரில் பென்சிலின் குடும்பத்து மருந்து ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வாமை இருந்தால் கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் சிவப்பு மையால் எழுதுவிக்க வேண்டும்.

கடும் ஒவ்வாமை சில நிமிடங்களில் வரும். உள்ளங்கை அரிப்பு, சொறி, உதடும் கண்ணிமையும் வீங்குதல், குரல் கம்முதல், இழுப்பு, பிறஷர் விழுதல். சிலர் எதையும் விளக்கத் தெரியாமல் 'எனக்கு என்னவோ செய்கிறது' என்று மட்டும் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மருந்தை நிறுத்திவிட வேண்டும். முதலில் தேவைப்படுவது அட்ரினலின். வளர்ந்தவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற செறிவில் 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அதனால் நாளத்தினூடாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றும் விடுதியில் அட்ரினலின் தட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அலுமாரிக்குள் இருந்து பயனில்லை.

பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். அம்பாறை வயல்களில் அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருபவர்கள் உண்டு. இலங்கையில் கொடுக்கப்படும் நஞ்சுமுறி இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராவது. அதற்கு உடம்பு எதிர்த்து எழுவது இங்கே மிகச் சாதாரணம். அதனால் ஏற்றத் தொடங்கும் முன்பே சிறிதளவு அட்ரினலினை, 0.25 மில்லிலீற்றர், தோலுக்குக் கீழே போடுகிறோம். அது கடுமையான எதிர்விளைவுகளைக் குறைக்கிறது என்று இலங்கையிலேயே செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகும் முதல் ஒரு மணி நேரம் தாதி கட்டிலை விட்டு நகரக் கூடாது. சேலைன் போத்தலிலிருந்து துளி விழும் வேகத்தில் ஒரு கண், நோயாளியின் முகத்தில் ஒரு கண். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் பிறஷரும். வயலில் இருந்து அப்படியே தூக்கி வந்த ஆள், காலெல்லாம் சேறு. அவர் வயிற்றைச் சொறியத் தொடங்கினால் அது சேற்றின் அரிப்பா, மருந்தின் அரிப்பா? சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தடிப்புகள் தெரியும். சேலைன் குழாயின் சக்கரத்தை மூடிவிட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டும். நிலைமை சரியானதும் மெதுவாக மறுபடி தொடங்குவார்கள். எதிர்விளைவு வந்தது என்பதற்காக நஞ்சுமுறியே வேண்டாம் என்று விட முடியாது, விரியனின் நஞ்சு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

வீட்டில் எதைக் கவனிப்பது என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு நீண்ட பட்டியல் தருவதில் பயனில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாசித்தால் எந்த மருந்தையும் யாரும் விழுங்க மாட்டார்கள். முதலில் பயம் வேண்டாதவை: காசநோய்க்கான றிபாம்பிசினில் சிறுநீர் செம்மஞ்சளாகும், இரும்புச்சத்துக் குளிசையில் மலம் கறுக்கும், சீனி வருத்தத்துக்கான மெற்போமினில் ஆரம்பத்தில் வயிறு இளகும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பிறஷருக்கான அம்லோடிப்பினில் கணுக்கால் வீங்குவதுண்டு. சிறுநீரகம் போய்விட்டது என்று அழத் தேவையில்லை, அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். பிறஷருக்கான இன்னொரு மருந்தான எனலாப்ரில் எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதக்கணக்காகப் பாணி மருந்து குடித்தும் தீராது. மருந்தை மாற்றினால் சில கிழமைகளில் தானாக நிற்கும். ஆனால் அதே எனலாப்ரிலில் உதடோ நாக்கோ வீங்கினால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே வைத்தியசாலைக்கு.

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வோபரின் எடுப்பவர்களுக்கு முரசிலிருந்து இரத்தம், சிவந்த சிறுநீர், தார்போல் கறுத்த மலம், புதிதாக வந்த கடும் தலையிடி ஆகிய ஒவ்வொன்றும் அவசரம். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரையை அடியோடு விடச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். விட வேண்டியதில்லை, கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஒரு கிழமை கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த கிழமை நாள்தோறும் சுண்டினால்தான் இரத்தம் உறையும் அளவு தடுமாறும். மூட்டுவலிக்கு டைக்குளோபினக் வாங்கிப் போடுவது வோபரின்காரருக்கு ஆகவே ஆகாது.

காய்ச்சலுக்கு வருவோம். டெங்கு சந்தேகம் இருக்கும் காலத்தில் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுப்ரோபன், டைக்குளோபினக் எதுவும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிற்றமோலும் வளர்ந்தவருக்கு நாளுக்கு 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரர்களுக்கும் அதைவிடக் குறைவு. வைத்தியசாலை கொடுத்த பரசிற்றமோலையும் கடையில் வாங்கிய பனடோலையும் தடிமனுக்கான குளிசையையும் சேர்த்துப் போடும்போது மூன்றிலும் உள்ளது ஒரே மருந்து என்பது நினைவுக்கு வருவதில்லை.

அரைத்துக் கொடுப்பதைப் பற்றியும் கேளுங்கள். விழுங்க முடியாத அம்மாவுக்கு எல்லாக் குளிசையையும் கரண்டியால் நசுக்கித் தேநீரில் கலக்கும் பழக்கம் இருக்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட நிபெடிபினை நசுக்கினால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிப் பிறஷர் பாதாளத்துக்குப் போகும். எதை நசுக்கலாம், எதை நசுக்கக் கூடாது என்று டிக்கெட் வெட்டும் நாளில் தாதியிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் தாள் உறையின் மேல் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது மூட்டுவாதத்துக்கு மெதொற்றெக்சேற் எடுத்தால் அது கிழமைக்கு ஒரு நாள் மருந்து. நாள்தோறும் எடுத்து உயிர் போனவர்கள் உலகெங்கும் உண்டு. உறையில் 'கிழமைக்கு ஒருமுறை' என்பதோடு 'செவ்வாய்' என்றோ 'வெள்ளி' என்றோ நாளையும் எழுதச் சொல்லுங்கள்.

நேரம் சொல்லும்போது நான் மணிக்கணக்கை அதிகம் நம்புவதில்லை. நாளுக்கு இரண்டு வேளை மருந்தென்றால், விடிந்து முகம் கழுவியதும் ஒன்று, மஃரிப் வாங்கு கேட்டதும் அல்லது வீட்டில் விளக்கு ஏற்றியதும் ஒன்று என்று சொன்னால் ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரம் வந்துவிடும். சொல்லிவிட்டு, 'எப்படிப் போடுவீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லுங்கள்' என்று கேட்பேன். விளங்கியதா என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எங்கே பிசகு என்பது வெளியே வரும். அம்பாறை நகரத்து வைத்தியசாலைக்குப் போகும் தமிழ் பேசும் நோயாளிகளுக்கு இது இன்னும் அவசியம். மொழி தடுமாறினால், சிங்களம் தெரிந்த ஒருவரை வைத்தாவது மருந்து உறையைத் தமிழில் எழுதுவித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

கடைசியாக அந்த மருந்துப் பை. அதை வீட்டில் விடாமல் அப்படியே விடுதிக்குக் கொண்டு வாருங்கள். அரச வைத்தியசாலையில் மருந்துகள் வேதிப் பெயரில் எழுதப்படும். பேராசிரியர் சேனக பிபிலே வற்புறுத்திய கொள்கையின் வழி வந்த வழக்கம் அது. 1971-இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். தனியார் மருந்துக்கடையிலோ அதே மருந்து கம்பனிப் பெயரில் கிடைக்கிறது. கிளினிக்கில் பிறஷருக்கான லொசாட்டன் கிடைக்காத ஒரு மாதம் வெளியே வேறு பெயரில் வாங்கியிருப்பீர்கள். அடுத்த மாதம் கிளினிக்கில் கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துப் போடும் வீடுகள் உண்டு. பையைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான் இது தெரியும். நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணமும், காலையில் குடிக்கும் பாகற்காய்ச் சாறும் இருந்தால் அவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நாங்கள் ஏசுவோம் என்று மறைத்தால், இன்சுலின் அளவைத் தீர்மானிக்கும் வைத்தியர் பாதித் தகவலோடு தீர்மானிப்பார். புது மருந்து ஒன்றால் விசித்திரமாக ஏதும் நடந்திருந்தால் அந்தப் பெட்டியையும் மீதிக் குளிசையையும் வைத்திருங்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு வைத்தியசாலையிலிருந்து அறிவிக்கும்போது பெட்டியிலுள்ள தொகுதி இலக்கம் (பெட்ச் நம்பர்) தேவைப்படும்.

அம்மா விடுதியில் இருக்கும்வரை அந்தப் பையிலிருந்து ஒரு குளிசையும் கொடுக்க வேண்டாம். விடுதியிலும் அதே மருந்து போய்க்கொண்டிருக்கும். டிக்கெட் வெட்டும் நாளில் பழைய பையையும் புதிய உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது தொடர்கிறது, எது அளவு மாறியது, எது நின்றது என்று தாதியிடம் கேளுங்கள். டிகொக்சினைத் தொடரச் சொன்னால், எந்த எண்ணிக்கைக்குக் கீழே நாடி போனால் கொடுக்கக் கூடாது என்பதையும் அன்றே கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள்; நாடி எண்ணும் விதத்தையும் காட்டச் சொல்லுங்கள், கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். நின்றவற்றை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.